உன் குடலைப் பற்றி ஜனக்புரியில் பேசினேன்

என் அருமை மகனுக்கு,

சொல்லாதே என்று நீ கெஞ்சிக் கேட்டுக்கொண்டதை நான் சொல்லிவிட்டேன். இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை, டெல்லி முழுக்க டிவியில் புராணத் தொடர் பார்க்க உட்கார்ந்திருக்கிற காலை நேரமாகப் பார்த்து, ஈ காக்கை இல்லாத பஸ்ஸில் ஏறி ஜனக்புரிக்குப் போனேன். உனக்கு மாமியாராக வரப்போகிற அம்மாளின் எதிரில் உட்கார்ந்து, என் மகனுக்குக் கோதுமை ஆகாது, ஜென்மத்துக்கும் ஆகாது, ஒரு வாய் ரொட்டிகூட அவன் குடலைப் புண்ணாக்கிவிடும் என்று ஆதியோடு அந்தமாகச் சொல்லிவிட்டு வந்தேன். அதற்கு அவர்கள் என்ன சொன்னார்கள், கல்யாணம் நடக்குமா நடக்காதா என்பதைக் கடைசியில்தான் எழுதுவேன். நீ தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன் என்று எனக்குத் தெரியும். மோதி பாக் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் அத்தனை வருஷம் படித்தும் உன் தமிழ் நொண்டியடிக்கிறது. பரவாயில்லை, மெதுவாகவே படி. கான்பூரில் உன்னோடு அறையில் இருக்கிற பையன்கள் எட்டிப் பார்த்தால் பார்க்கட்டும். இதில் ஒளிக்கிறதற்கு ஒன்றுமில்லை.

உங்கள் ரோகா, அதுதான் நிச்சயதார்த்தம், அன்றைக்கு நடந்ததை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவர்கள் தட்டு நிறைய மட்டி கொண்டுவந்து வைத்தார்கள். மைதாவில் பொரித்த உப்பு பிஸ்கட். நீ கட்டிக்கொள்ளப் போகிற ரீத்துவின் சித்தப்பா ஒன்றை எடுத்து உன் வாயருகே நீட்டினார். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் கண்ணாலேயே வேண்டாம் என்றேன். நீ சிரித்துக்கொண்டே வாயைத் திறந்து வாங்கி, மென்று, விழுங்கிவிட்டாய். அப்புறம் மூன்று நாள் நம் வீட்டுக் கக்கூஸுக்கும் கட்டிலுக்குமாக நடந்தது நீதானே? அவர்கள் போன் பண்ணி விசாரித்தபோது ஜலதோஷம் என்று சொல்லச் சொன்னாய். "அம்மா, ப்ளீஸ், அவங்ககிட்ட ஒண்ணும் சொல்லாதே. பீமாரி, தீராத நோய்னு நினைச்சுடுவாங்க. கல்யாணம் முடியட்டும், அப்புறம் நானே சொல்லிக்கறேன்" என்றாய். உன் அப்பாவும் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "அவன் சொல்றதும் நியாயந்தானேளா, இப்பப் போயி எதுக்கு?" என்று உன் பக்கம் சேர்ந்துகொண்டார். அதைவிடப் பெரிய கூத்து, ரீத்துவிடம்கூட, "நான் மதராஸி, எனக்குச் சோறுதான் இறங்கும்" என்று இத்தனை வருஷமாகச் சமாளித்து வைத்திருக்கிறாய். அந்தப் பெண்ணும் நம்பியிருக்கிறாள். மதராஸிக்குச் சோறு என்றால் இந்த ஊரில் எவனும் மேலே கேள்வி கேட்க மாட்டான் என்று உனக்கு நன்றாகத் தெரியும், படவா.

எனக்குக் கோபம் வந்தது, நிஜமாகவே வந்தது. பீமாரி என்கிறாயே, எது பீமாரி? உன் குடல் ஒரு போரில் ஜெயித்த குடல். அதைப் போய்த் திருட்டுச் சொத்து மாதிரி மறைக்கிறாயே என்று எனக்கு ஆத்திரம். நீ அப்போது சின்னவன், பாதி மறந்திருப்பாய். மறந்த பாதியை நான் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

உன் அப்பாவுக்கு மத்திய அமைச்சகத்தில் வேலை, எனக்கு வேறொரு ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை, மோதி பாக்கில் ஒண்டிக்கொள்ள ஒரு குவார்ட்டர்ஸ். ரேஷன் கடையில் அரிசி கொஞ்சம்தான் போடுவான், அதுவும் கல்லும் குருணையுமாக. கோதுமை மட்டும் தாராளம். சரி, எதிர் வீட்டு சர்தார்ஜியின் பிள்ளைகளெல்லாம் சப்பாத்தி தின்றுதானே கன்றுக்குட்டி மாதிரி துள்ளிக்கொண்டு திரிகிறார்கள், நம் பிள்ளையும் அப்படி வளரட்டுமே என்று நானும் கோதுமைக்கு மாறினேன். காலையில் சப்பாத்தி, ராத்திரி சப்பாத்தி. நடுவில் அழுதால் பிஸ்கட். நீயோ வளரவில்லை. வயிறு மட்டும் பானை மாதிரி முன்னால் வந்தது, கையும் காலும் குச்சி, பிட்டத்தில் சதையே இல்லாமல் தோல் மடிந்து தொங்கியது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை போவாய் என்று கணக்கே கிடையாது. வெளுத்துப்போய், எண்ணெய் மிதந்து, வீடே நாறும். பெற்றவள் எழுதுகிறேன், முகத்தைச் சுளிக்காமல் படி. உனக்கு ஐந்து வயது, எதிர் வீட்டு மூன்று வயதுப் பெண் உன்னைவிட உயரம். அதெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன், ஒன்றைத்தான் பொறுக்க முடியவில்லை. நீ சிரிக்கவே மாட்டாய். ஒரு மூலையில் உட்கார்ந்து சிணுங்கிக்கொண்டே இருப்பாய்.

டாக்டர்களைப் பார்க்காமல் இல்லை. பார்த்த டாக்டரெல்லாம் பூச்சிக்கு மருந்து கொடுத்தார்கள். "வயிறு சரியாகிற வரைக்கும் லேசான ஆகாரமாகக் கொடுங்கள்" என்றார்கள். லேசான ஆகாரம் என்றால் என்ன? ரொட்டித் துண்டு, ரஸ்க், ரவைக் கஞ்சி, பார்லித் தண்ணீர். நானும் ஊட்டினேன். ஊட்ட ஊட்ட நீ இளைத்தாய். வருஷா வருஷம் மே மாதம் ஜி.டி. எக்ஸ்பிரஸில் ஏறிச் சென்னை போய், அங்கிருந்து திருநெல்வேலி போவோம். அங்கே ஒரு மாதம் இட்லியும் சோறும் தின்றால் உனக்கு மந்திரம் போட்ட மாதிரி வயிறு அடங்கும், முகம் தெளியும், வேப்ப மரத்தடியில் ஓடி விளையாடுவாய். ஊர்க்காரர்கள் எல்லாரும் ஒரே குரலாகச் சொன்னார்கள்: "எல்லாம் தண்ணிதான். தாமிரபரணித் தண்ணி குடிச்சா கல்லும் செரிக்கும்லா. அந்த டெல்லித் தண்ணியில என்ன இருக்கு?" நாங்களும் நம்பினோம். நம்பாமல் என்ன செய்வது, கண் முன்னால் பிள்ளை தேறுகிறானே! டெல்லிக்குத் திரும்பி வந்தால் பழையபடி வயிறு கிளம்பிவிடும்.

அதனால் உன் அப்பாவும் நானும் ஒரு காரியம் செய்தோம். தண்ணீரை டெல்லிக்குக் கொண்டுவந்தோம். சிரிக்காதே. இரண்டு பெரிய பித்தளைக் குடம், வாயை ஈரத் துணியால் கட்டி, மேலே தேங்காய் ஓடு கவிழ்த்து, அதற்கும் மேலே கயிறு. ரயில் பெட்டியில் இருந்தவர்கள் எல்லாம், "என்ன சாமி, கங்கைக்கே தண்ணி கொண்டு போறீங்களா?" என்று கேலி செய்தார்கள். உன் அப்பா ராத்திரி முழுக்கக் குடத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே தூங்கினார். மோதி பாக் வந்து சேர்ந்து, அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்து, வடிகட்டி, வேறு யாரும் தொடக்கூடாது என்று மூடி வைத்தேன். வைத்துக்கொண்டு என்ன செய்தேன் தெரியுமா? அந்தத் தண்ணீரை ஊற்றித்தான் உனக்குச் சப்பாத்தி மாவு பிசைந்தேன். இதை இப்போது நினைத்தாலும் எனக்கு ஒரு கண்ணில் சிரிப்பும் ஒரு கண்ணில் அழுகையும் வருகிறது. வெள்ளைக்காரன் வந்தாலும் பஞ்சாபி வந்தாலும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான். இதற்குத் தாமிரபரணிக் கரையில் பிறந்து மோதி பாக்கில் குடித்தனம் பண்ண வேண்டும்.

குடம் காலியாவதற்கு முன்னாலேயே நீ விழுந்துவிட்டாய். பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே ஒரு இளம் டாக்டரம்மா இருந்தாள். என்னைவிடச் சின்னவள், ஆனால் குரலில் அதிகாரம். உன் வயிற்றைத் தட்டிப் பார்த்தாள், கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தாள். நான் தண்ணீர்க் கதையை அளந்துகொண்டே போனேன். அவள் பாதியில் கையைத் தூக்கி, "தண்ணீரை விடுங்கள். ஊரில் இவன் என்ன சாப்பிடுகிறான்?" என்று கேட்டாள். "இட்லி, சோறு" என்றேன். "இங்கே?" "சப்பாத்தி." சொல்லி வாயை மூடவில்லை, எனக்குத் தலையில் யாரோ குட்டிய மாதிரி இருந்தது. அவளும் என்னைப் பார்த்தாள், நானும் அவளைப் பார்த்தேன். "கோதுமையா?" என்று நான் கேட்டேன். "இருக்கலாம், பார்த்துவிடுவோம்" என்றாள். அடிப் பாவி மகளே, இத்தனை வருஷம் இது உனக்குத் தோன்றவில்லையே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். கூடவே, சத்தியமாகச் சொல்கிறேன், சந்தோஷமும் வந்தது. எதிரி யார் என்று தெரிந்துவிட்டால் அப்புறம் எனக்கு என்ன பயம்?

அந்த டாக்டரம்மாதான் எனக்கு வயிறு என்றால் என்ன என்று சொல்லிக் கொடுத்தவள். அதுவரை வயிறு என்றால் ஒரு பை, போட்டால் நிறையும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ என்ஜினீயர், உனக்கு இயந்திரங்கள் தெரியும். உன் உடம்புக்குள் ஓடுகிற இயந்திரத்தையும் தெரிந்துகொள். வேலை வாயிலேயே ஆரம்பித்துவிடுகிறது. சோற்றை விழுங்காமல் மென்றுகொண்டே இருந்து பார், கொஞ்சம் கொஞ்சமாக இனிக்கும். எச்சில் அதைச் சர்க்கரையாக்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். விழுங்கியது தொண்டைக் குழாயில் தானாக விழுவதில்லை, குழாயே பிசைந்து பிசைந்து கீழே தள்ளுகிறது. தலைகீழாக நின்று சாப்பிட்டாலும் இரைப்பைக்குத்தான் போகும். இரைப்பையில் ஊறுகிற அமிலம் இருக்கிறதே, அது கையில் பட்டால் எரியும். அத்தனை அமிலத்தை வைத்துக்கொண்டு இரைப்பை தன்னைத் தானே ஏன் கரைத்துக்கொள்வதில்லை என்று கேட்டேன். உள்பக்கம் முழுக்கக் கோழையைப் பூசிக்கொள்ளும், தேயத் தேயப் புதிதாகப் பூசும் என்றாள். அங்கே மணிக்கணக்கில் கடைந்து கூழாக்கி, ஒரேயடியாக அனுப்பாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுகுடலுக்குள் விடும். சிறுகுடல் வாசலில் கல்லீரலிலிருந்து பித்தம் வந்து எண்ணெயையும் நெய்யையும் சோப்புப் போட்ட மாதிரி உடைக்கும். கணையத்திலிருந்து இன்னொரு நீர் வந்து அமிலத்தை அடக்கி, மிச்சத்தைப் பொடிப்பொடியாக்கும். இத்தனையும் நீ கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கும்போது, உன்னைக் கேட்காமல் நடக்கிறது.

இதுவரைக்கும் உனக்கு எந்தக் குறையும் இல்லை. குறை அடுத்த இடத்தில்தான். சிறுகுடல் உன்னைப் போல மூன்று ஆள் நீளம் இருக்கும், சுருட்டிச் சுருட்டி வைத்திருக்கிறது. அதன் உள்பக்கம் வழவழவென்று இருக்காது. கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன விரல்கள் நெருக்கமாக நிற்கும். டாக்டரம்மா உன்னைச் சுற்றியிருந்த துவாலையை எடுத்து, அதன் நூல் சுருள்களைக் கையால் தடவிக் காட்டினாள். இந்தச் சுருள்தான் ஈரத்தை உறிஞ்சுகிறது, அதேபோல அந்த விரல்கள்தான் சாப்பாட்டின் சத்தை உறிஞ்சி ரத்தத்துக்குக் கொடுக்கின்றன என்றாள். சப்பாத்தி மாவைப் பிசைந்து இழுத்தால் ரப்பர் மாதிரி வருகிறதே, அந்தப் பசைதான் உன் குடலுக்குப் பகை. அது உள்ளே போனதும் உன் உடம்பு திருடன் வந்துவிட்டான் என்று சண்டைக்குக் கிளம்பும். அந்தச் சண்டையில் விரல்களெல்லாம் மழுங்கிப்போய்க் குடல் மொட்டையாகிவிடும். அப்புறம் பாலைக் கொடுத்தால் என்ன, பாதாமைக் கொடுத்தால் என்ன, உறிஞ்ச ஆளில்லை, வந்த வழியே போய்விடும். பெருங்குடல் பாவம், தண்ணீரைத்தான் திரும்ப எடுத்துக்கொள்ளும், சத்தை அது என்ன செய்யும்? கோபுரம் மாதிரித் தட்டு நிறையச் சாப்பாட்டை வைத்துக்கொண்டு என் பிள்ளை பட்டினி கிடந்திருக்கிறான் என்று புரிந்தது. நான் அழுதேன். "அழாதீர்கள். குடல் சில நாளைக்கு ஒரு தடவை தன் தோலைத் தானே புதுசாக்கிக்கொள்ளும். நீங்கள் சண்டையை நிறுத்துங்கள், விரல்கள் முளைக்கும்" என்றாள். மழுங்கினது முளைக்குமா, நிஜமாகவா என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள்.

அது கோதுமைதானா என்று உறுதி பண்ண, நூல் மாதிரி ஒரு குழாயின் நுனியில் கட்டிய சின்ன உருண்டையை நீ விழுங்க வேண்டியிருந்தது. குடல் வரைக்கும் போய் ஒரு துளி சதையைக் கிள்ளிக்கொண்டு வரும். பெரிய ஆட்களே ஓங்கரிப்பார்களாம். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, மடக்கென்று விழுங்கினாய். அந்த வார்டே உன்னைப் பார்த்தது. ஒரு மட்டியை வேண்டாம் என்று சொல்லப் பயந்தவன் நீதானா என்று இப்போது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

முடிவு வந்தது, கோதுமைதான். பார்லியும் கூடாது. அன்றைக்கே மாவு டப்பாவைத் தூக்கிக்கொண்டு எதிர் வீட்டு சர்தார்ணி வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் அவள் உள்ளே போய்த் தன் அரிசி டப்பாவை எடுத்து வந்து என் கையில் வைத்தாள். "உங்கள் கோதுமை எங்களுக்கு, எங்கள் அரிசி உங்களுக்கு. லே லோ!" என்றாள். நாம் அந்தக் குவார்ட்டர்ஸில் இருந்த வரைக்கும் அந்தப் பண்டமாற்று நிற்கவேயில்லை. நீ தேற ஆரம்பித்தாய். வயிறு வற்றியது, முகத்தில் ரத்தம் வந்தது. அப்புறம், எனக்குப் பொல்லாத காலம், பாதியில் நின்றுவிட்டது. முழுக்கக் கெடவும் இல்லை, முழுக்கத் தேறவும் இல்லை. டாக்டரம்மா என்னை முறைத்தாள். "எங்கோ ஒரு இடத்தில் கோதுமை போகிறது. யோசியுங்கள்" என்றாள். போகவே இல்லை என்று நான் சாமி சத்தியம் பண்ணினேன். வீட்டுக்கு வந்து உன் அப்பாவைப் பிடித்துக்கொண்டேன். "பிள்ளை கேட்டான்னு ஒளிச்சு வச்சு பிஸ்கட் கொடுக்கீங்களா? உண்மையைச் சொல்லுங்க!" பாவம் மனுஷன், "எங்க அம்மை சத்தியமா இல்லளா" என்று கையை விரித்தார். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

பேசாமலிருந்த அந்த நாட்களில்தான் வீட்டில் பெருங்காயம் தீர்ந்தது. நாம் என்ன செய்வோம், வயிறு சரியில்லை என்றால் பெருங்காயம்தானே கை கொடுக்கும்? உனக்கு ரசத்தில் ஒரு கட்டி, மோரில் ஒரு கட்டி, வயிறு உப்பினால் தொப்புளைச் சுற்றிக்கூடப் பற்று. சும்மா சொல்லவில்லை, மற்ற வீட்டில் மாதக்கணக்கில் வருகிற பெருங்காயம் நம் வீட்டில் ஒரு வாரம் தாங்காது. கடைக்குப் பதில் பழைய டெல்லி மசாலா மண்டி காரி பாவ்லிக்கே போய் மொத்தமாக வாங்கிவிடலாம் என்று போனேன். மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டே சந்துக்குள் போனால், ஒரு கடைத் திண்டில் இரண்டு ஆட்கள் முழங்கை வரை வெள்ளையாக ஒரு பெரிய தாம்பாளத்தில் மாவு பிசைகிறார்கள். ஹோட்டலுக்குப் பூரி போடுகிறார்களோ என்று நின்று பார்த்தேன். பார்த்தால், அந்த மாவுக்குள் பிசின் மாதிரி ஒன்றைக் கரைத்து ஊற்றுகிறார்கள். மூக்கைத் துளைக்கிற வாசனை. அதைச் சின்னச் சின்னக் கட்டியாக உருட்டிக் காய வைக்கிறார்கள். நம் வீட்டு டப்பாவில் இருக்கிற அதே கட்டி! "பையா, அது என்ன மாவு?" என்றேன். "மைதா, பெஹன்ஜி. வெறும் பெருங்காயத்தை யாரால் தின்ன முடியும்?" என்றான், இதென்ன கேள்வி என்கிற மாதிரி. கண்டுபிடித்துவிட்டேன்! மருந்து என்று நினைத்து மகனுக்கு வேளை தவறாமல் மைதாவை நானே கரைத்துக் கொடுத்திருக்கிறேன். கலப்பில்லாத பால் பெருங்காயம் ஒரு துணுக்கு வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். வாசனை தாங்காமல் பக்கத்தில் உட்கார்ந்தவரெல்லாம் எழுந்து போனார்கள். ஜன்னலோரம் எனக்கே எனக்கு. வீட்டுக்கு வந்ததும் உன் அப்பாவிடம் முதல் வார்த்தை பேசினேன்: "மன்னிச்சுக்கிடுங்க, திருடன் நீங்க இல்ல. பெருங்காயம்."

அதற்கப்புறம் நடந்ததை நான் எங்கே வேண்டுமானாலும் மேடை போட்டுச் சொல்லுவேன். ஒரு நாள் காலை நீ கக்கூஸிலிருந்து, "அம்மா, இங்கே வந்து பாரு" என்று கத்தினாய். பயந்துபோய் ஓடினேன். பார்த்தால், ஊரில் எல்லாப் பிள்ளைகளும் போகிற மாதிரி, கெட்டியாக, அழகாக, ஒரே ஒரு தடவை! நான் வாசலில் நின்று கைதட்டினேன். உன் அப்பாவைக் கூப்பிட்டேன், அவர் முகத்தில் சவரச் சோப்போடு ஓடி வந்து பார்த்துவிட்டு, "ஏ அப்பா!" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றைக்கு ஆபீசுக்குப் போய் செக்ஷன் முழுக்க லட்டு கொடுத்தேன். என்ன விசேஷம் என்று கேட்டவர்களிடம் மகன் பாஸாகிவிட்டான் என்றேன். பொய் என்ன, பாஸ்தானே? அந்த வாரமே நீ தட்டைத் தட்டி, "பசிக்குது, இன்னும் போடு" என்றாய். பிறந்ததிலிருந்து உன் வாயில் வராத வார்த்தை அது. போட்டேன். இன்னும் என்றாய். சட்டியை வழித்துப் போட்டேன். அடுத்த குளிர்காலத்துக்குள் உன் கால்சட்டை எல்லாம் முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது. டாக்டரம்மா உன்னை எடை மெஷினில் நிறுத்திவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். முளைத்துவிட்டன, விரல்களெல்லாம் முளைத்துவிட்டன!

இதைத்தான் நீ பீமாரி என்கிறாய். உன் குடல் உன்னிடம் வேண்டாம் என்பது ஒன்றே ஒன்று. அந்த ஒன்றை மட்டும் நீ தராமல் இருந்தால் சாகிற வரைக்கும் உனக்காக வேலை பார்க்கும். அதற்கு வாய் கிடையாது, நீதான் அதற்காகப் பேச வேண்டும். நாலு பேர் முன்னால் வேண்டாம் என்று சொல்ல வெட்கப்பட்டு விழுங்குகிற ஒவ்வொரு வாய்க்கும் உள்ளே அது அடி வாங்குகிறது. நாளைக்குப் பெண்டாட்டி வீட்டில், ஆபீஸ் விருந்தில், கோயில் பிரசாதத்தில்கூட, "இதில் கோதுமை இருக்கிறதா?" என்று வாய் விட்டுக் கேள். கேட்கிறவனை எவனும் மட்டமாக நினைக்க மாட்டான். நினைத்தால் நினைக்கட்டும், போடா என்று விடு.

இனி ஜனக்புரி. மூத்தவர்கள் டிவி அறையில் இருந்தார்கள். உன் மாமியார் மட்டும் சமையலறையில் எதையோ வறுத்துக்கொண்டிருந்தார். நெய் வாசனை படி வரைக்கும் வந்தது. அடுப்பைத் தணித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். என் மோதி பாக் ஹிந்தியில் எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர்க் குடத்துக்குச் சிரித்தார், உருண்டையை விழுங்கினதற்கு உச்சுக் கொட்டினார், கக்கூஸ் கதைக்கு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்புறம் முகம் மாறியது. "பெஹன்ஜி, ஒன்று கேட்கிறேன். இது பிள்ளைகளுக்கும் வருமா?" என்றார். நீ பயந்த கேள்வி இதுதான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பொய் சொல்லவில்லை. "வரலாம். வராமலும் போகலாம். வந்தால் என் மகன் பட்டது அந்தக் குழந்தை படாது. நான் ஐந்து வருஷம் தேடினேன். இனிமேல் தேட வேண்டியதில்லை, எங்களுக்குத் தெரியும்" என்றேன். அவர் டிவி அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். டிவியில் சங்கு ஊதுகிற சத்தம் கேட்டது.

ரீத்து கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் போல. உள்ளே வந்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "மதராஸி! மதராஸிக்குச் சோறுதான் இறங்குமாம்! வரட்டும் அவன்" என்றாள். கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு. "மம்மி, கல்யாணம் எனக்கு. எனக்கு வேண்டியது அவன், அவன் தட்டு இல்லை" என்றாள். வந்து என் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். தங்கமான பெண் உனக்கு வாய்த்திருக்கிறாள். அவளிடம் முதலில் காதைப் பிடித்து மன்னிப்புக் கேள்.

உன் மாமியார் விருட்டென்று எழுந்து சமையலறைக்குள் போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றுதான் நினைத்தேன். கரண்டியோடு கடாயைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். நெய்யில் பொன்னிறமாக வறுபட்ட கோதுமை மாவு. "பின்னி உருண்டை பிடிப்பதற்காக வறுத்தேன். மாப்பிள்ளை எங்கள் வாசலில் கால் வைக்கும்போது நான் என் கையால் ஊட்ட வேண்டிய முதல் இனிப்பு இதுதான். நீங்கள் இன்றைக்கு வந்திருக்காவிட்டால் என் மகளின் மாப்பிள்ளைக்கு முதல் வாயே என் கையால் விஷமாக ஊட்டியிருப்பேனே பெஹன்ஜி!" என்று சொல்லி, அந்த அம்மாள் உடைந்து அழுதுவிட்டார். நானும் அழுதேன். ரீத்து எங்கள் இருவரையும் பார்த்து, "ஹாய் ரப்பா, இவர்கள் இருவரும் கல்யாணத்தன்று என்ன பாடு படுத்தப் போகிறார்களோ" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கேட்டார்: "சரி, சொல்லுங்கள். வேறு எந்த மாவில் பின்னி பிடிப்பது?"

அரிசி மாவை நான்தான் வறுத்தேன். நெய்யும் வெல்லமும் பாதாமும் அவர் போட்டார். முதல் ஈடு உதிர்ந்துபோனது, இரண்டாவது ஈடு கல் மாதிரி இருந்தது, மூன்றாவதை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு இருவரும் ஒரே நேரத்தில் தலையாட்டினோம். கல்யாணத்தன்று அந்த அம்மாள் வாசலில் நிற்பார். கையில் ஒரு உருண்டையோடு உன் முகத்தை நிமிர்த்துவார். என்னைத் திரும்பிப் பார்க்காதே. பயப்படாமல் வாயை நன்றாகத் திற. மென்று முழுசாகத் தின்று, இன்னொன்று கேள்.

உன் அம்மா